‘எக்ஸ்போர்ட்டுக்கு வரியே கிடையாது’ன்னு சொன்னது யாருங்க?

உங்க காலேஜ் கேன்டீன்ல உட்கார்ந்து, ‘வெளிநாட்டுக்குப் பொருள் வித்தா வரி உண்டா, இல்லையா?’ன்னு சும்மா ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. டீ ஆறுறதுக்குள்ள நாலு பதில் வரும். நாலும் வேற வேற. நாலு பேருமே அடிச்சு சத்தியம் பண்ணுவாங்க! சர்க்யூட்ல எங்க கோளாறுன்னு பார்க்க எங்க லேப்ல மல்டிமீட்டர் இருக்கு. வரி ஆலோசனை சரியா, தப்பான்னு பார்க்க ஒரு மீட்டரும் இல்லையே பாஸ்... அதான் பிரச்னை.

‘இன்ஜினீயரிங் படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதுக்கு?’ன்னுதானே கேட்கறீங்க? எல்லாம் எங்க சித்தி பண்ணின வேலை. சித்தி கரூர்ல இருக்காங்க. வீட்டு மாடியில ஆறு தையல் மிஷின். பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க்கா நாப்கின், ஏப்ரன், டவல்னு தைச்சுக் கொடுக்கறதுதான் பொழப்பு. கரூர் பஸ் ஸ்டாண்டைச் சுத்தி எந்தத் தெருவுல நுழைஞ்சாலும் இப்படி ரெண்டு மாடி இருக்கும். 2025 தீபாவளி முடிஞ்ச வாரம், சிங்கப்பூர்ல சமையல் சாமான் விக்கிற ஒரு கடையில இருந்து சித்திக்கு நேரடியா ஒரு ஆர்டர். 300 ஏப்ரன், 600 நாப்கின். மொத்தம் 1,86,000 ரூபாய். துணி, கூலி, கரன்ட், கூரியர் எல்லாம் போக கையில நிக்கிறது சுமாரா 22,000. வீட்டுல இங்கிலீஷ் மெயில் அடிக்கத் தெரிஞ்ச ஒரே ஜீவன் நான்ங்கறதால, ‘கண்ணு, நீயே பார்த்துக்கோ’ன்னு லேப்டாப் பக்கம் தள்ளிட்டாங்க.

ஆர்டர் வந்ததும் ஆலோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லீங்க. காசு கேட்காத ஆலோசனை கரூர்ல நூல் மாதிரி, இழுக்க இழுக்க வந்துக்கிட்டே இருக்கும்.

முதல்ல சென்னை மாமா. ‘எக்ஸ்போர்ட் வருமானத்துக்கு வரியே கிடையாதும்மா. நான் லெதர் கம்பெனியில பார்த்திருக்கேன்’னு போன்ல ஒரே போடா போட்டார். அவர் பொய் சொல்லலை. 90-கள்ல பழைய வருமான வரிச் சட்டத்துல 80 ஹெச்.ஹெச்.சி-ன்னு ஒரு பிரிவு இருந்துச்சு. ஏற்றுமதி லாபத்தைக் கழிச்சுக்கிட்டு மீதிக்கு வரி கட்டினா போதும். அந்தச் சலுகையைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு, 2005-06 மதிப்பீட்டு வருஷத்துல இருந்து சுத்தமா நிறுத்திட்டாங்க. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே செத்துப்போன சலுகைங்க அது! மாமா மனசுல மட்டும் இன்னும் உயிரோட இருக்கு. இப்ப ஏற்றுமதி லாபமும் மத்த வியாபார லாபம் மாதிரிதான், வருமான வரிக் கணக்குல வந்தே ஆகணும்.

ரெண்டாவது, பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் ஜி.எஸ்.டி ரிட்டர்ன் போடற கணக்கர். ‘40 லட்சம் தாண்டாம ஜி.எஸ்.டி நம்பரே தேவையில்லீங்க’ன்னார். இதுவும் பாதி நிஜம். தமிழ்நாட்டுக்குள்ளேயே பொருள் விக்கிறவங்களுக்கு அந்த 40 லட்சம் வரம்பு சரிதான். ஆனா சட்டத்தோட கண்ணுல ஏற்றுமதிங்கறது மாநிலம் விட்டு மாநிலம் விக்கிற கணக்குல சேரும். அப்படி வரிக்கு உட்பட்ட பொருளை விக்கிறவங்க, வரம்பைப் பத்தி யோசிக்காம பதிவு எடுத்தே ஆகணும். சில கைவினைப் பொருட்களுக்கு மட்டும் தனி விலக்கு உண்டு. மிஷின்ல தைச்ச ஏப்ரனை எப்படிப் பார்த்தாலும் கைவினைன்னு சொல்ல முடியாது.

மூணாவது ஆள்தான் சூப்பர்! ஒரு கூரியர் ஏஜென்ட். ‘பேப்பரே வேணாங்க்கா. கிஃப்ட்னு போட்டு, மதிப்பு 5,000 ரூபாய்னு காட்டிடலாம். அங்க போய்ச் சேர வேண்டியது என் பொறுப்பு’ன்னார். கேட்கறதுக்கு என்ன சுகமா இருக்கு பாருங்க! ஆனா யோசிச்சுப் பாருங்க... 5,000 ரூபாய் கிஃப்டுக்கு 1,86,000 ரூபாய் பேங்குக்கு எப்படி வரும்? பேங்க் கேட்கும்ல? கூரியர்ல போற பார்சலுக்கு ரெண்டு விதமான கஸ்டம்ஸ் படிவம் இருக்கு. சி.எஸ்.பி-4ங்கறது கிஃப்ட், இலவச சாம்பிள் மாதிரி காசு வராத சமாசாரத்துக்கு. சி.எஸ்.பி-5ங்கறது நிஜமான வியாபாரத்துக்கு. நாலுல போட்டு அனுப்பிட்டா நீங்க ஏற்றுமதி பண்ணினதுக்கு அத்தாட்சியே இல்லை. வரி ரீஃபண்டும் கேட்க முடியாது. மதிப்பைக் குறைச்சு எழுதினதுக்கு இங்கயும் மாட்டலாம், அங்க வாங்குறவரும் மாட்டலாம்.

மூணு பேர்கிட்டயும் நான் கவனிச்ச ஒரு ஒற்றுமை என்ன தெரியுமா? மூணு பேருமே சித்தியை ஒரு கேள்விகூட கேட்கலை! என்ன பொருள், எந்த ஊர், யார் வாங்குறா, பணம் எப்படி வருதுன்னு எதுவுமே கேட்காம நேரா தீர்ப்புதான்.

அப்புறம்தான் அதே தெருவுல பல வருஷமா ஏற்றுமதி பண்ணிக்கிட்டிருக்கற ஒரு பெரியவர் சொல்லி, ஒரு ஆடிட்டர் மேடத்தைப் பார்க்கப் போனோம். ஃபீஸ் 3,500 ரூபாய். ‘ஒம்பது ஏப்ரன் காசுடா கண்ணு’ன்னு மாடிப்படி ஏறும்போதே சித்தி முணுமுணுத்தாங்க.

முதல் இருபது நிமிஷம் மேடம் ஒரு பதில்கூட சொல்லலை. கேள்வி, கேள்வி, கேள்விதான். எங்க எச்.ஓ.டி வைவா தோத்துது போங்க! துணி எங்க வாங்குறீங்க, பில் இருக்கா? பில்லுல ஜி.எஸ்.டி எவ்வளவு? பணம் சேவிங்ஸ் அக்கவுன்ட்டுக்கா, கரன்ட் அக்கவுன்ட்டுக்கா? சிங்கப்பூர்க் கடை அங்க ஜி.எஸ்.டி-யில பதிவு செஞ்சதா? அங்க உங்களுக்கு ஆபீஸ், குடோன், ஏஜென்ட் யாராவது இருக்காங்களா? ‘இல்லீங்க மேடம், சொந்தக்காரங்ககூட இல்லீங்க’ன்னாங்க சித்தி. ‘அப்போ உங்க லாபத்துக்கு அங்க வருமான வரி வராது. இந்தியாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஒப்பந்தம் இருக்கு. அங்க நிரந்தரமா ஒரு இடம் வெச்சு வியாபாரம் பண்ணினாத்தான் அவங்க கேட்க முடியும்’னு அதை மட்டும் ஒரு வரியில முடிச்சாங்க. அடுத்து, ‘அவங்க அனுப்பின மெயிலைக் காட்டுங்க’ன்னாங்க.

காட்டினோம். கடைசி வரியில மூணு எழுத்து. டி.டி.பி.

‘இது என்னன்னு தெரியுமா?’ன்னாங்க மேடம். சித்தி கொஞ்ச நேரம் யோசிச்சு, ‘கூரியர் கம்பெனி பேருங்களா மேடம்?’ன்னாங்க.

நீங்களும் முழிக்காதீங்க, சொல்றேன். வாங்குறவரோட வாசல் வரைக்கும், அந்த நாட்டு வரி உட்பட எல்லாச் செலவும் விக்கிறவர் தலையிலன்னு அர்த்தம். சிங்கப்பூர்ல துணிக்கு சுங்க வரி கிடையாது. அங்க சாராயம், புகையிலை, வண்டி, பெட்ரோலிய சரக்குன்னு சிலதுக்குத்தான் சுங்க வரி. ஆனா இறக்குமதி ஆகற சரக்குக்கு 9 சதவிகிதம் ஜி.எஸ்.டி உண்டு. 1,86,000-க்கு 9 சதவிகிதம் எவ்வளவு? 16,740 ரூபாய். கூரியர் கட்டணத்தையும் மதிப்புல சேர்ப்பாங்கங்கறதால நிஜத்துல இன்னும் கொஞ்சம் கூடும். சித்தியோட லாபமே 22,000-ன்னு சொன்னேன்ல? மூணு எழுத்து அதுல முக்கால்வாசியை முழுங்கியிருக்கும்! அதுவும் சித்தி சிங்கப்பூர்ல பதிவு செஞ்ச வியாபாரி இல்லைங்கறதால, கட்டினா கட்டினதுதான். திரும்ப ஒரு பைசா வராது.

இதே வரியை சிங்கப்பூர்க் கடை கட்டினா? அவங்க அங்க பதிவு செஞ்சவங்களா இருந்தா, தங்களோட கணக்குல கழிச்சுக்கலாம். அவங்களுக்கு முடிவுல நஷ்டமே இல்லை. மேடம் சொல்லச் சொல்ல அங்கயே உட்கார்ந்து மெயில் அடிச்சேன். ‘இறக்குமதியாளரா நீங்க இருங்க, உங்க ஊர் வரியை நீங்க கட்டிக் கழிச்சுக்குங்க, வாசல் வரைக்கும் கூரியர் செலவு எங்களோடது’ன்னு. மறுநாள் காலையில பதில் வந்துச்சு. ‘ஓகே, நோ ப்ராப்ளம்’. அவ்வளவுதாங்க! 16,740 ரூபாய் ஒரு மெயில்ல மிச்சம். சித்தி அதுக்கப்புறம் ஒம்பது ஏப்ரன் கணக்கைப் பேசவே இல்லை.

மேடம் சொன்னதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது இன்னொரு விஷயம். ‘எக்ஸ்போர்ட்டுக்கு வரி இல்லை’ங்கற வாக்கியத்துக்குள்ள ரெண்டு வேற வேற சங்கதி இருக்கு. ‘வரி விலக்கு’ வேற, ‘பூஜ்ய வரி’ வேற. விலக்குன்னா, நீங்க விக்கும்போது வரி போட மாட்டீங்க, ஆனா துணி, நூல் வாங்கும்போது கட்டின வரி போனது போனதுதான். பூஜ்ய வரின்னா, விக்கும்போதும் வரி இல்லை, வாங்கும்போது கட்டினதையும் அரசாங்கத்துக்கிட்ட திரும்பக் கேட்கலாம். ஏற்றுமதி ரெண்டாவது ரகம். சித்தி இந்த ஆர்டருக்கு 90,000 ரூபாய்க்கு துணியும் நூலும் வாங்கினாங்க. அதுக்கு 5 சதவிகிதம், 4,500 ரூபாய். பதிவு எடுத்தா அந்த 4,500 திரும்ப வரும். கணக்கர் பேச்சைக் கேட்டு எடுக்காம விட்டிருந்தா சட்டப்படியும் தப்பு, 4,500-ம் அம்போ!

சரி, பதிவு எடுத்தாச்சுன்னா ஏற்றுமதி பில்லுக்கு வரி கட்டணுமா? ரெண்டு வழி இருக்கு. வரியைக் கட்டி அனுப்பிட்டு அப்புறம் ரீஃபண்ட் வாங்கலாம். இல்லைன்னா எல்.யு.டி-ன்னு ஒரு உறுதிமொழிக் கடிதம் கொடுத்துட்டு வரி கட்டாமலே அனுப்பலாம். நம்ம ஹாஸ்டல்ல சேரும்போது காஷன் டெபாசிட் வாங்குவாங்கல்ல? ‘டெபாசிட் வேணாம், ஒழுங்கா நடந்துக்குவேன்னு எழுதிக் கொடு’ன்னு வார்டன் சொன்னா எப்படி இருக்கும்? அதுதான் எல்.யு.டி. ஜி.எஸ்.டி தளத்துல ஆர்.எஃப்.டி-11ங்கற படிவம். கட்டணம் கிடையாது. ஒரு நிதியாண்டுக்குத்தான் செல்லும், ஏப்ரல் வந்தா புதுசா போடணும். ‘ஒழுங்கா நடந்துக்குவேன்’னா இங்க என்ன அர்த்தம்னா, பில் போட்ட 3 மாசத்துக்குள்ள சரக்கு நாட்டை விட்டுக் கிளம்பணும். கிளம்பலைன்னா வரியையும் வட்டியையும் கட்டணும்.

எல்லாத்துக்கும் பதில் சொன்ன மேடம் ஒரு இடத்துல மட்டும் நிறுத்திட்டாங்க. ‘ஏப்ரனுக்கும் நாப்கினுக்கும் எந்த ஹெச்.எஸ் கோடுன்னு கஸ்டம்ஸ் புரோக்கர்கிட்ட கேளுங்க. அது என் ஏரியா இல்லை. பணம் வர்ற விஷயத்துல பேங்க் ஃபாரெக்ஸ் டெஸ்க்கைக் கேளுங்க. சிங்கப்பூர்ச் சட்டத்துல சந்தேகம்னா அந்தக் கடையோட அக்கவுன்டன்ட்டைக் கேட்கச் சொல்லுங்க’ன்னாங்க. 3,500 ரூபாய் வாங்கிட்டு ‘என் ஏரியா இல்லை’ங்கறாங்களேன்னு சித்திக்கு வருத்தம். எனக்கோ அந்த நிமிஷம்தான் அவங்க மேல முழு நம்பிக்கை வந்துச்சு. புரோக்கர்கிட்ட போனா, ஒரே தறியில நெய்த துணியா இருந்தாலும் நாப்கின் 63-ஆம் அத்தியாயம், ஏப்ரன் உடுப்புக் கணக்குல 62-ஆம் அத்தியாயம்னார். அந்த கோடுல முதல் ஆறு இலக்கம் உலகம் பூரா ஒண்ணுதான். இங்க தப்பாப் போட்டா அங்கயும் தப்பாத்தான் போய் நிக்கும்.

ஐ.இ.சி-ங்கற ஏற்றுமதி நம்பருக்கு ஆன்லைன்ல 500 ரூபாய். அதை வருஷா வருஷம் ஏப்ரல்-ஜூன்ல ஒரு தடவை புதுப்பிச்சு உறுதி பண்ணணும், இல்லைன்னா முடக்கிடுவாங்க. பேங்க் கொடுக்கற ஏ.டி கோடையும் கஸ்டம்ஸ்ல பதியணும். இதெல்லாம் ஓடி முடிக்கறதுக்குள்ள பத்து நாள் தாமதம். சிங்கப்பூர்க்காரர் கொஞ்சம் முறைச்சார். டிசம்பர்ல பார்சல் சி.எஸ்.பி-5-ல ஜம்முனு போச்சு.

இப்ப உங்க மனசுல ஓடறது எனக்குக் கேட்குது... ‘இதெல்லாம் யூடியூப்ல பார்த்துக்கலாமே, சாட்பாட்கிட்ட கேட்டா சொல்லுமே’ன்னு. நானும் சோதிச்சுப் பார்த்தேன். ‘ஏற்றுமதிப் பணம் எத்தனை மாசத்துக்குள்ள இந்தியாவுக்கு வரணும்?’னு சாட்பாட்கிட்ட கேட்டா, கம்பீரமா 9 மாசம்னு சொல்லுச்சு. ரிசர்வ் பேங்க் அதை 2025 நவம்பர்லயே 15 மாசமா மாத்திடுச்சு! யூடியூப்ல இன்னும் மோசம். ‘அமெரிக்காவுக்கு 800 டாலர் வரைக்கும் வரியே இல்லாம அனுப்பலாம்’னு சொல்ற வீடியோக்கள் இன்னமும் ஓடிக்கிட்டிருக்கு. அந்தச் சலுகையை 2025 ஆகஸ்ட் 29-ஆம் தேதியோட எல்லா நாட்டுக்கும் நிறுத்திட்டாங்க. அந்தக் குழப்பத்துல நம்ம தபால் துறையே அமெரிக்கா பார்சல்களைப் பெரும்பாலும் நிறுத்தி வெச்சு, அக்டோபர் 15-ல தான் திரும்ப ஆரம்பிச்சுது. வீடியோவுல தேதியைப் பார்க்காம நம்பி அனுப்பினவங்க பார்சல் என்ன ஆகியிருக்கும்?

வருமான வரியிலயும் இதே கதைதான். 1961-ல இருந்து இருந்த சட்டத்துக்குப் பதிலா, 2025-ல நிறைவேத்தின புதுச் சட்டத்தை 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டு வந்திருக்காங்க. பிரிவு எண்கள் எல்லாம் மாறிப்போச்சு. யாராவது பிரிவு நம்பரை கடகடன்னு ஒப்பிச்சா அசந்துடாதீங்க. எந்தச் சட்டத்துல, எந்த வருஷத்துலன்னு கேளுங்க.

அதனால, வீட்டுல அம்மாவோ அக்காவோ பெரியம்மாவோ வெளிநாட்டுக்கு ஊறுகாய், நகை, சேலைன்னு எதையாவது அனுப்ப ஆரம்பிச்சா, ஆலோசனை சொல்றவர்கிட்ட ‘இது எந்த அறிவிக்கையில இருக்கு?’ன்னு கூச்சப்படாம கேளுங்க. நல்ல ஆடிட்டர் கோவிச்சுக்க மாட்டாங்க. எங்க மேடம் ஸ்க்ரீனைத் திருப்பியே காட்டினாங்க. ‘எங்க விஷயத்துல எது மாறினா உங்க பதில் மாறும்?’னும் கேளுங்க. அப்புறம், வாய்ல சொன்னதை மெயில்ல வாங்கிக்குங்க. அவர் நிஜமாவே சார்ட்டர்டு அக்கவுன்டன்ட்தானான்னு ஐ.சி.ஏ.ஐ தளத்துல தேடிப் பார்க்கலாம். அவங்க கையெழுத்துப் போட்டுத் தர்ற சான்றிதழ்ல யு.டி.ஐ.என்-ன்னு ஒரு நம்பர் இருக்கும், அதையும் சரிபார்க்கலாம். இதுல சந்தேகப்படறோமேன்னு நினைக்க வேண்டியதே இல்லை, அந்த நம்பரைக் கொண்டு வந்ததே அதுக்குத்தான்.

‘நேரா அரசாங்கத்தையே கேட்டுட்டா?’ அதுக்கும் வழி இருக்கு. ஜி.எஸ்.டி-யில முன்கூட்டியே தீர்ப்பு வாங்கற அத்தாரிட்டி உண்டு. மத்திய, மாநிலக் கணக்குக்கு தலா 5,000, மொத்தம் 10,000 ரூபாய் கட்டணம். ஆனா அந்தத் தீர்ப்பு கேட்டவருக்கும் அவரோட அதிகாரிக்கும் மட்டும்தான் கட்டுப்படும். ‘திருப்பூர்ல ஒருத்தருக்கு இப்படித் தீர்ப்பு வந்திருக்கு’ன்னு அடுத்தவர் தீர்ப்பைக் காட்டி நீங்க தப்பிக்க முடியாது. சித்தி மாதிரி ஆளுங்களுக்கு இது ரொம்பப் பெரிய பீரங்கின்னுதான் எனக்குத் தோணுது.

அடுத்து, ஹாஸ்டல் ரூம்ல உட்கார்ந்து வெளிநாட்டுக்காரனுக்கு லோகோ போட்டு, கோடு எழுதி சம்பாதிக்கற மக்கா... உங்களைத்தான்! நீங்களும் ஏற்றுமதியாளர்தான். சரக்குக்கு பதிலா சேவை, அவ்வளவுதான் வித்தியாசம். சந்தோஷமான சேதி என்னன்னா, சேவைக்கு விதி கொஞ்சம் இளகும். வருஷத்துக்கு 20 லட்சம் தாண்டாத வரைக்கும் ஜி.எஸ்.டி பதிவு வேண்டியதில்லை. சித்திக்குச் சொன்ன பதிலை நீங்க அப்படியே எடுத்துக்கிட்டா தப்பாயிடும் பாருங்க! வருமான வரியில, 2025-26 நிதியாண்டுக்குப் புது முறைப்படி வருமானம் 4 லட்சம் தாண்டினா, கட்ட வேண்டிய வரி பூஜ்யமாவே வந்தாலும் ரிட்டர்ன் போட்டாகணும். வெளிநாட்டு க்ளையன்ட் வரி பிடிச்சுட்டு மீதியை அனுப்பினா, பிடிச்சதுக்கு சான்றிதழ் கேட்டு வாங்கி வைங்க. அதை இங்க கழிச்சுக்க வழி இருக்கு, ஆனா கையில பேப்பர் இருந்தாத்தான்.

இந்தக் கதையை எல்லாம் என் ரூம்மேட்கிட்ட சொல்லிக்கிட்டிருந்தேன். துபாய் கம்பெனி ஒண்ணுக்கு மாசா மாசம் போஸ்டர் டிசைன் பண்ணிக் கொடுக்கறவன். எல்லாத்தையும் கேட்டுட்டு, ‘டேய், அந்த ஆடிட்டர் மேடம் நம்பரைக் குடுடா’ன்னான். குடுத்தேன். ‘போறப்ப ஆறு மாச இன்வாய்ஸை மறக்காம எடுத்துட்டுப் போடா, முதல் கேள்வியே அதுதான் வரும்’னும் சொன்னேன்.

‘இன்வாய்ஸா? நான்தான் வாட்ஸ்அப்ல ஜி.பி.ஜி அனுப்பிட்டு ‘டன் ப்ரோ’ன்னு போடுவேனே...’ன்னான்.